ராத்திரி வரும் வலி

வெல்டிங் வேலையில் படுகிற அடி, படும்போது வலிக்காது. சுத்தியல் விரலில் விழுந்தால் அப்போதே துடித்துப்போவோம். அடுத்த முறை கை தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆர்க் வெல்டிங்கில் பகலில் கண்ணில் பட்ட வெளிச்சம் ராத்திரி பதினோரு மணிக்கு வலிக்கும். நெஞ்சுக்குள் போன புகை அன்று சாயங்காலம் காய்ச்சலாக வரலாம், முப்பது வருஷம் கழித்து வேறொன்றாகவும் வரலாம். தறிக்கூடத்தில் விழுந்த பொறி, நாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகு பற்றும். சங்கரன்கோவிலில் தாய்மாமாவின் பட்டறையில் வளர்ந்த எனக்கு இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல இருப்பதில் முதன்மையானது இதுதான். உடம்பு எச்சரிக்காத இடத்தில் வேறு ஏதாவது எச்சரிக்க வேண்டும். எங்கள் பட்டறையில் எச்சரித்தது மாமாவின் வாய்.

பட்டறை அப்போது ராஜபாளையம் ரோட்டில் இருந்தது. எண்பதுகளின் கடைசி. ஊர் அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம். தென்காசி மாவட்டத்துக்குப் போனது 2019இல். சங்கரன்கோவில் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோமதியம்மனும் ஆடித் தபசும் புற்றுமண்ணும் நினைவுக்கு வரும். எங்களுக்கு முதலில் காதில் கேட்பது தறிச் சத்தம். பட்டறைக்குச் சோலி கொடுத்ததும் பெரும்பாலும் விசைத்தறிதான். கூரைக்கு ஆங்கிள் டிரஸ், மோட்டாருக்கு ஸ்டாண்டு, பாவு பீம் அடுக்க ரேக். மீதிக்குக் கிரில் கேட், டிராக்டர் டிரெய்லர், கிணற்று மூடி. தபசுக்கு முந்தின வாரங்களில் பந்தல் பைப்பு வேலை ராப்பகலாக நடக்கும்.

மெஷின் ஆயில் ஊற்றிய பெரிய டிரான்ஸ்ஃபார்மர். மேலே கைப்பிடிச் சக்கரம். அதைச் சுற்றிக் கரண்டைக் கூட்டலாம், குறைக்கலாம். வெல்டிங் ராடு 12 கேஜ், 10 கேஜ், 8 கேஜ் என்று வரும். இரண்டரை மில்லி, 3.15 மில்லி, நாலு மில்லி. 10 கேஜ் ராடுக்கு நூறு, நூற்றிருபது ஆம்பியர் ஓடும். ராடின் முனைக்கும் இரும்புக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் எழும் சுடரின் வெப்பம் 6,000 டிகிரியை ஒட்டி இருக்கும். சூரியனின் மேற்பரப்பே 5,500தான். சூரியனுக்கும் நமக்கும் நடுவே ஓசோன் படலம் இருக்கிறது. ராடுக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது ஒரு கண்ணாடி.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சைக்கிளில் ஒரு அண்ணன் வேலைக்கு வருவார். கை நல்ல கை. அவர் போட்ட பீடு ஒரே சீராக ஓடியிருக்கும். வேலை நெருக்கும்போது பட்டறையிலேயே படுத்துக்கொள்வார். அப்படி ஒரு நாள் முழுக்கக் கிரில்லுக்கு டேக் வைத்தார். டேக் என்பது துண்டுகளை இடத்தில் நிறுத்த வைக்கும் புள்ளி ஒட்டு. அதை வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இடது கை துண்டைப் பிடித்திருக்கும், வலது கையில் ஹோல்டர். முகத்துக்கு நேரே ஷீல்டைப் பிடிக்க மூன்றாவது கை இருக்காது. எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார்: கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு தட்டு. ஒவ்வொரு டேக்கும் அரை நொடி. மூடுவதில் ஒரு கணம் பிந்தும், திறப்பதில் ஒரு கணம் முந்தும். அந்தக் கணங்கள் சாயங்காலம் வரை ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே இருக்கும்.

ராத்திரி அவர் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்தது. "கண்ணுக்குள்ள மண்ண அள்ளிப் போட்டாப்ல இருக்கு மாமா, தொறக்கவே முடியல" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இமை இரண்டும் வீங்கி, கண்ணீர் தாரையாக ஓடியது. விளக்கைப் போட்டதும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அத்தை உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டு ஓடிவந்தார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி இருக்கிறாள், தாய்ப்பால் வாங்கி ஊற்றலாம் என்றார் ஒரு பெரியவர். இன்னொருவர் எங்கிருந்தோ சொட்டு மருந்துப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு சொட்டு விட்டால் அடுத்த நிமிஷம் வலி தெரியாது என்றார். மாமா மூன்றையும் தடுத்தார். பச்சைத் தண்ணீரில் நனைத்த வேட்டித் துணியை மூடிய இமைமேல் போட்டுப் படுக்கவைத்து, விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன்.

டாக்டர் சொன்னதை இன்றுவரை பட்டறைப் பையன்களுக்குச் சொல்லி வருகிறேன். கருவிழியின் மேல்தோலைப் புற ஊதாக் கதிர் சுட்டுவிடுகிறது. சுட்ட செல்கள் உடனே விழுவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் உதிர்கின்றன. உதிர்ந்ததும் அடியிலிருக்கும் நரம்பு முனைகள் திறந்துகிடக்கும். இமை ஒவ்வொரு முறை உரசும்போதும் மண் போட்டு அரைப்பதுபோல் இருப்பது அதனால்தான். ஒன்றிரண்டு நாளில் தோல் மறுபடி வளர்ந்துவிடும். உருளைக்கிழங்கும் தாய்ப்பாலும் தோலுரிந்த கண்ணில் கிருமியைச் சேர்க்கும். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தோ அதைவிட மோசம்: வலியை மறைத்துவிட்டுத் தோல் வளர்வதைத் தடுக்கும், கண்ணுக்குள் நிஜமாகவே இரும்புத்துகள் இருந்தாலும் தெரியாமல் போகும். டாக்டர் சோதனைக்காகத் தன் கையால் ஒரு சொட்டு விடுவார். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்.

அண்ணன் மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். அதனாலேயே பலர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். "கண்ணு அடிச்சிருச்சு" என்று, தண்ணி மாறிச் சளி பிடித்ததுபோல் சொல்லிவிட்டுப் போவார்கள். மேல்தோல் வளர்ந்துவிடும், உண்மை. ஆனால் அதே சுடரின் கண்கூசும் ஒளி விழித்திரை வரை போகும். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தவர்களுக்கு வரும் புண் அங்கேயும் வரலாம், அது ஆறாமலே போகலாம்.

மாமா அந்த வாரமே தலையில் மாட்டும் ஹெல்மெட் இரண்டு வாங்கிவந்தார். தலையை ஒரு வெட்டு வெட்டினால் முகமூடி கீழே விழும். கை இரண்டும் வேலைக்கு இருக்கும். கண்ணாடி விஷயத்தில் அவர் முன்பிருந்தே கறார். கருப்பாக இருப்பதெல்லாம் வெல்டிங் கண்ணாடி ஆகிவிடாது. அதில் எண் பொறித்திருக்க வேண்டும். எங்கள் வேலைக்குப் பத்து அல்லது பதினொன்று. எண் இல்லாத கண்ணாடி கூச்சத்தைக் குறைத்துவிடும், கதிரை உள்ளே விட்டுவிடும். கூசாததால் நாம் இன்னும் அருகே குனிந்து பார்ப்போம். காலையில் ஷட்டரைத் திறந்ததும் ஒவ்வொரு ஷீல்டையும் வாசலுக்குக் கொண்டுவருவார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்பக்கத்தில் ஓரத்தைச் சுற்றி வெளிச்சக் கோடு கசிகிறதா என்று பார்ப்பார். கருப்புக் கண்ணாடியின் மூலையில் மயிரிழை விரிசல் கண்டால் அன்றோடு அதற்கு முடிவு. முன்னால் போடும் வெள்ளைக் கண்ணாடி பொறி தெறித்துப் புள்ளிபுள்ளியாகிவிட்டால் அதையும் மாற்றுவார். மங்கின கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன் பார்வை தெரியாமல் ஷீல்டை விலக்கிவிடுவான் என்பது அவர் கணக்கு.

ரோட்டோரப் பட்டறையில் இன்னொரு கவலையும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கும். சுடர் யாரையும் நிற்கவைக்கும் அழகு. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. "போங்கலே, போங்க" என்று விரட்டிப் பார்த்துவிட்டு, மாமா பழைய தகரத் தட்டி ஒன்றைக் கால் வைத்து நிறுத்திவிட்டார். தட்டிக்கு இந்தப்பக்கம்தான் ராடு பற்றும்.

தறிக்கூட வேலைதான் அவருக்குப் பெரிய வேலை. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

தறி ஓடும் கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் படுவது பஞ்சுத் தூசி. நூலிலிருந்து உதிரும் இழை காற்றில் மிதந்து, டிரஸ் ஆங்கிளின் மடிப்பிலும் டியூப்லைட் பட்டியிலும் வயர் மேலும் படிந்து, நாளாவட்டத்தில் விரல் கனத்துக்குத் திரண்டிருக்கும். அதில் ஒரு பொறி விழுந்தால் ஆங்கிள் நெடுகத் தீ ஓடும். ஓடி முடித்து, எங்கோ ஒரு பாவின்மேல் சொட்டும். கீழே தறியில் பூட்டியிருக்கும் பாவு என்பது ஒரு குடும்பத்தின் பல நாள் கூலி.

"ரெண்டே டேக்தான அண்ணாச்சி, இதுக்குப் போயி தறிய நிறுத்தணுமா?" என்பார் முதலாளி. அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. நெய்கிறவர்களுக்கு நெய்த உருப்படிக்குத்தான் கூலி. தறி நின்ற நேரத்துக்கு யாரும் எதுவும் தர மாட்டார்கள். நெசவு செய்யும் பெண்கள் மாமாவை முறைத்துப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். அதனால் அவசரமில்லாத வேலை எல்லாவற்றையும் தறிக்கு லீவு விடும் நாளுக்குத் தள்ளிவிடுவார். தள்ள முடியாத வேலை என்றால் நிறுத்தித்தான் ஆகவேண்டும். "ஒரு டேக்குனாலும் பொறி பொறிதான் மொதலாளி. நிறுத்துங்க, இல்லன்னா வேற ஆளப் பாருங்க."

பிறகு வாருகோல். மேலிருந்து கீழாகப் பஞ்சைக் கூட்டித் தள்ளி, சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோய் வைக்கவேண்டும். தறிகளின் மேலும் பாவின் மேலும் நனைத்த சாக்கு. நூல் கோன் பெட்டிகள் வெளியே. இரண்டு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். சுவரில் எலி வளையோ, தரையில் கேபிள் போகும் ஓட்டையோ இருந்தால் அதையும் ஈரத்துணியால் அடைக்கச் சொல்வார். மேலே ஏணியில் நின்று ராடு பிடித்தால் பொறி தரையில் விழுந்து, மறுபடி துள்ளி, பத்துப் பன்னிரண்டு எட்டு ஓடும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதியில் பற்றக்கூடிய பொருளை விலக்கவேண்டிய தூரம் 35 அடி என்று பின்னாளில் படித்தபோது, மாமாவின் எட்டுக் கணக்கு நினைவுக்கு வந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வேலை முடிந்ததும் மெஷினை அணைத்து வயரைச் சுருட்டிவிட்டால் எல்லோரும் கிளம்பத் தயாராகிவிடுவார்கள். மாமா கிளம்ப மாட்டார். கூடத்து நடுவில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பீடி வேண்டுமென்றால் தெருவுக்குப் போய்விட்டு வருவார்.

ஒரு தடவை நான் கூட இருந்தேன். டீ வந்து, குடித்து, கிளாசும் திரும்பிப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மாமா திடீரென்று தலையைத் தூக்கினார். "துணி கருகுத வாடை வருதால?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் எழுந்து, சுவரோரமாகக் குனிந்து, புறங்கையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். ஒரு தறியின் காலடியில், பெருக்கும்போது விட்டுப்போன கழிவு நூல் பந்து ஒன்று கிடந்தது. கை அங்கே நின்றது. மேலே பார்த்தால் வெள்ளை நூல்தான். புகைகூட இல்லை. இரண்டு விரலால் விலக்கினார். நடுவில் கடுகளவு கருந்துளை. அதன் விளிம்பில் சிவப்பு ஊர்ந்துகொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் அந்தச் சிவப்பு ஒரு சுற்று அகன்றது. அப்படியே அள்ளி வாளித் தண்ணீருக்குள் போட்டார். பிறகும் உட்கார்ந்தே இருந்தார். ஒரு பொறி இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று.

பஞ்சு சுடர் விடாமல் கனியும். உள்ளேயே அரித்துக்கொண்டு போய், காற்று கிடைக்கும் இடத்தில் வெளிப்பட்டுப் பற்றும். வெல்டிங் தீ என்று பெயர் வாங்கிய பெரிய விபத்துகள் பலவும் இப்படித்தான் நடந்திருக்கின்றன. 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ப் விமான நிலையத்தில் மேல்தளச் சாலையின் இணைப்பு இடைவெளியில் வெல்டிங் வேலை நடந்தது. பொறி இடைவெளி வழியாக இறங்கி, கீழ்த்தளத்து மேற்கூரைக்குள் இருந்த வெப்பத்தடுப்புத் தெர்மகோலில் விழுந்தது. கூரைக்குள் பரவிய தீ கண்ணுக்குத் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. 17 பேர் இறந்தார்கள். வேலை முடிந்தபின் அரை மணி நேரம் காவல் இருக்கவேண்டும் என்றிருந்த அமெரிக்க விதியை இப்போது ஒரு மணி நேரமாக உயர்த்தியிருக்கிறார்கள். கூலி கொடுக்காத அந்த ஒரு மணி நேரத்தை மாமா தன் கணக்கில் எழுதிக்கொண்டார். அதையும் கூலியில் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி, நான் கேட்கிறேன்.

ஆடித் தபசு வேலையில் வருவது இன்னொரு வகை ஆபத்து. பந்தல் பைப்பு ஜிஐ பைப்பு, துத்தநாகம் பூசியது. இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். துத்தநாகம் 907லேயே கொதித்து ஆவியாகிவிடும். ராடு பற்றியதும் வெள்ளைப் புகை அடர்த்தியாக எழும்பி, சிலந்திவலை போன்ற வெள்ளைத் துணுக்குகள் பறக்கும். அன்றைக்கு ஒன்றும் செய்யாது. சாயங்காலம் நாக்கில் காசு வைத்ததுபோல் ஒரு ருசி, பிறகு குளிர், நடுக்கம், காய்ச்சல், மூட்டு வலி. மறுநாள் காலையில் வந்த சுவடே இல்லாமல் போய்விடும். மழைக் காய்ச்சல் என்றும், திருஷ்டி என்றும் ஊரில் பெயர் வைப்பார்கள். பட்டறைகளில் பால் வாங்கிக் கொடுப்பது வழக்கம். பால் உடம்புக்கு நல்லது. மூச்சுக்குழாயில் போன புகையை அது தொடக்கூட முடியாது.

மாமா பால் வாங்கித் தந்ததில்லை. ஜாயின்ட்டுக்கு இருபுறமும் இரண்டு அங்குலம் பூச்சை கிரைண்டரால் எடுத்துவிட்டுத்தான் ராடு. அப்புறம் காற்று. ஆடியில் மேற்கே ஆரியங்காவு கணவாய்ப் பக்கமிருந்து காற்று தள்ளிக்கொண்டு வரும். பந்தல் துணி படபடவென்று அடிக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருவதுதான் சரி என்று எல்லோரும் நினைப்பார்கள். "முதுகுல பட்டா உன் மொகத்துக்கு முன்னாலதான் சுத்தும். தோள்ல படணும்லே" என்பார். உண்மைதான்: முதுகில் மோதும் காற்று உடம்பைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் சுழல்கிறது, புகையையும் அங்கேயே நிறுத்துகிறது. பக்கவாட்டில் வரும் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். புத்தகம் படிக்காமல் இதைக் கண்டுபிடித்த மனிதர் அவர்.

ஆனால் மூச்சுப் பாதுகாப்பில் அந்தக் காலத்துப் பட்டறைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். புகைத்துகள் அந்த நெசவின் கண்களைவிட எத்தனையோ மடங்கு சிறியது. கடைசி வருஷங்களில் மாமாவுக்கு மாடி ஏற முடியவில்லை. திருநெல்வேலியில் பார்த்த டாக்டரிடம் பீடியாலா, வெல்டிங் புகையாலா என்று கேட்டேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, ஒன்று மற்றதைக் கூட்டிக் கொடுத்திருக்கும் என்றார். 1989இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2017 மார்ச்சில் கூடி, உறுதியாகக் காரணம் என்ற முதல் பட்டியலுக்கு மாற்றியது. வெல்டிங்கின் புற ஊதாக் கதிரையும் அதே பட்டியலில் சேர்த்தது. வெல்டர்களுக்கு நிமோனியா எளிதில் வருகிறது என்று பிரிட்டனில் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். நம் ஊரில் எந்த வெல்டரிடமும் யாரும் இதைச் சொன்னதாக நான் கேட்டதில்லை.

வலி பிந்தி வரும் என்றேன். மின்சாரம் மட்டும் விலக்கு; அது பிந்தாது.

வெல்டிங் மெஷினிலிருந்து வரும் வோல்ட் குறைவு, ஒன்றும் செய்யாது என்று அனுபவஸ்தர்களே சொல்வார்கள். ராடு பற்றியிருக்கும்போது இருபது, முப்பது வோல்ட்தான். பற்றாமல் சும்மா இருக்கும்போது அதே ஹோல்டரில் எழுபது, எண்பது வோல்ட் நிற்கும். காய்ந்த கைக்கு அது சுருக்கென்ற ஒரு கடி. சித்திரை வெயிலில் சட்டை நனைய வேர்த்தவனுக்கும், ஐப்பசி மழையில் ஈர இரும்பின்மேல் மண்டியிட்டிருப்பவனுக்கும் அது உயிரை எடுக்கப் போதும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன், பக்கத்து ஊரில் வேறொரு பட்டறைக்காரன், மழை விட்ட சாயங்காலம் இரும்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்தான். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டான். பல வெல்டர்கள் யோசிக்காமல் செய்வதுதான். கரண்டு நெஞ்சு வழியாகவே போனது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை.

அதற்குப் பிறகு மாமா ஹோல்டரை மாட்ட எல்லா இடத்திலும் மரக்கட்டையில் ஒரு கொக்கி அடித்துவைத்தார். காலுக்கடியில் பலகை. ஈரமான கிளவுஸோடு ராடு மாற்றக்கூடாது. ஹோல்டரின் உறை உடைந்தால் டேப் சுற்றி ஓட்டும் வேலையே கிடையாது, புதுசுதான். தொட்டிக்குள் ஆள் இறங்கினால் வெளியே மெயின் சுவிட்ச் பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றே ஆகவேண்டும்.

எர்த் கிளிப்பை எங்கே கடிக்கவிடுகிறோம் என்பதும் முக்கியம். ஒரு தறிக்கூடத்தில் யாரோ டிரஸ்ஸில் வெல்டிங் செய்துகொண்டு, கிளிப்பை எட்டத்தில் ஒரு தறியின் சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். நூறு ஆம்பியரும் திரும்பிப் போக வழி தேடி, மோட்டாரின் மெல்லிய எர்த் வயருக்குள் புகுந்துவிட்டது. சுவரோரம் இருந்த வயர் உறை உருகி ஒழுகியதை, மறுநாள் பழுது பார்க்கப் போனபோது பார்த்தோம். வெல்டிங் நடந்த இடத்திலிருந்து ஐந்தாறு தறிக்கு அப்பால். ராடு தொடும் இடத்துக்கு ஒரு முழத்துக்குள் கிளிப் இருக்கவேண்டும்; பெயின்டைச் சுரண்டிவிட்டுக் கடிக்கவிட வேண்டும். மெஷின் உடம்புக்குப் போடும் எர்த் இதிலிருந்து வேறு, அது தனியாக இருந்தே தீரவேண்டும்.

மாமா அடியோடு மறுத்த வேலை ஒன்று உண்டு: டீசல் டேங்க். லாரிக்காரர்கள், "காலி டேங்க்தான் அண்ணாச்சி, சொட்டு கெடையாது" என்று கெஞ்சுவார்கள். நிறைந்திருக்கும் டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. ஆவியும் காற்றும் வெடிக்கிற அளவில் கலந்திருப்பது அதில்தான். நன்றாகக் கழுவி, வெல்டிங் படும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, வாயைத் திறந்துவைத்துச் செய்வோரும் உண்டு. மாமா அதையும் செய்ததில்லை. அவர் பிடிவாதம் அதிகம் என்று அன்றைக்கு நினைத்தவர்கள் உண்டு. சென்னை தண்டையார்பேட்டையில் 2023 டிசம்பர் 27 அன்று இந்தியன் ஆயில் வளாகத்தில் எத்தனால் தொட்டி ஒன்றில் வெல்டிங் வேலையின்போது வெடித்து ஒரு தொழிலாளி இறந்த செய்தியைப் படித்தபோது, மாமா இருந்திருந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார் என்று தோன்றியது.

சட்டம் இதையெல்லாம் பேசாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவு கண் பாதுகாப்பைச் சொன்னது. எரியும் பொருள் இருந்த தொட்டியைச் சுத்தம் செய்யாமல் வெல்டிங் செய்யக்கூடாது என்றது 37ஆம் பிரிவு. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையாக இருந்தது. அதற்குப் பதிலாக 2020ஆம் ஆண்டில் வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை இருபதாக்கியது. ராஜபாளையம் ரோட்டிலும் திருநெல்வேலி ரோட்டிலும் இருக்கும் பட்டறைகளில் இரண்டு பேர், மூன்று பேர். இன்ஸ்பெக்டர் அங்கே வரவேண்டியதே இல்லை. திருச்சியில் பெல் நிறுவன வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. நாட்டின் மிகச் சிறந்த வெல்டர்கள் அங்கே தேறி வருகிறார்கள். அந்த அறிவுக்கும் எங்கள் ரோட்டுக்கும் நடுவே இத்தனை ஆண்டுகளாக ஒரு பாலம் போடப்படவில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான். ஐடிஐ ஒவ்வொன்றும் தன் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு மாதம் ஒரு சாயங்காலம் ஒதுக்கினாலே போதும்.

அவசரம் இப்போது கூடியிருக்கிறது. ஆயில் டிரான்ஸ்ஃபார்மரை நகர்த்த நாலு பேர் வேண்டும். அதனால் வெல்டிங் பட்டறையை விட்டு வெளியே வராது, வந்தாலும் மேஸ்திரியோடுதான் வரும். இன்று ஐந்தாறு கிலோ இன்வெர்ட்டர் மெஷினைத் தோள்பையில் மாட்டிக்கொண்டு போகலாம். கொரியரில் வீட்டு வாசலுக்கு வருகிறது, வீட்டுப் பிளக்கில் ஓடுகிறது. நல்ல மெஷின்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹோல்டர் பிடிக்கும் முன்பு இரண்டு வருஷம் ஏச்சு வாங்கும் பருவம் ஒன்று இருந்ததே, அது அந்தப் பெட்டிக்குள் வருவதில்லை.

போன வருஷம் ஒரு தறிக்கார வீட்டுப் பையன் அப்படி ஒரு பெட்டியோடு என்னிடம் வந்தான். கூடத்து ரேக்கைத் தானே செய்யப்போகிறானாம். கூடவே இலவசமாக வந்த கை ஷீல்டை எடுத்துப் பார்த்தேன். கருப்புக் கண்ணாடியில் எண்ணே இல்லை. போட்டிருந்ததோ பாலியெஸ்டர் டிராக் பேன்ட், ரப்பர் செருப்பு. பொறி பட்டால் பருத்தி கருகும், பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி நெய்கிற ஊரில் அவனுக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை கிடைக்காமலா போகும்? தானாக இருளும் ஹெல்மெட் ஒன்றை வாங்கவைத்தேன். இன்று ஆயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிறது. சுடர் பற்றிய நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கருத்துவிடும், கருக்கும் முன்பும் புற ஊதாவை உள்ளே விடாது. டேக் வைப்பவனுக்கு இதைவிடப் பெரிய உதவி இந்தத் தொழிலில் வந்ததில்லை. தோல் கிளவுஸ், மூடிய ஷூ, பேன்ட் ஷூவுக்கு வெளியே விழவேண்டும், பையில் தீப்பெட்டி கூடாது.

தறிக்கூடத்துக்கும் போய்ப் பார்த்தேன். வாருகோல், சாக்கு, வாளி எல்லாம் சொன்னேன். கடைசியில், முடித்த பிறகு ஒரு மணி நேரம் அங்கேயே இருக்கவேண்டும் என்றதும், "சும்மாவா மாமா?" என்றான்.

"சும்மா இருக்காண்டாம். எதாவது சோலி பாரு. ஆனா கூடத்த விட்டு வெளிய போகாத."

இப்போது தறி லீவு நாளில்தான் வெல்டிங் வைத்துக்கொள்கிறான். மெஷினை அணைத்தபின் கூடத்து நடுவில் நாற்காலியைப் போட்டு அந்த வாரத்துக் கூலிக் கணக்கை எழுதுகிறான்.